தெரிந்த தொழிலைச் சொல்லிக் கொடுங்கள். அதற்குரிய கூலியைக் கேளுங்கள்

(மலாக்கா மாநிலத் தோட்டப்புற, நகர்ப்புறத் தமிழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கறிஞர் ஒருவர் பேச எழுந்தால் மகஜர், போராட்டம், நீதிமன்றம் என்றுதான் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று நான் பேச வந்திருப்பது பணத்தைப் பற்றி. உங்களுக்கு ஏற்கெனவே கைவந்த ஒரு தொழிலைப் பிறருக்குக் கற்றுக் கொடுத்துச் சம்பாதிப்பது பற்றி. இதுவும் உரிமைப் பிரச்சினைதான். எப்படி என்று சொல்கிறேன்.

ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, பூலாவ் செபாங், டுரியான் துங்கல் என்று எந்தப் பக்கம் போனாலும் நம் வீடுகளில் தொழில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ரவிக்கை தைக்கும் அக்கா இருக்கிறார். மாலை கட்டும் பாட்டி இருக்கிறார். முறுக்கும் அதிரசமும் கல்யாணச் சமையலும் தெரிந்த அத்தை இருக்கிறார். வெல்டிங் அடிக்கும் அண்ணன், மோட்டார் சைக்கிள் இன்ஜினைப் பிரித்துப் பூட்டும் தம்பி, சிலம்பம் சுற்றும் பெரியவர், மேளம் வாசிப்பவர், ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் பெண் என்று பட்டியல் நீளும். இவர்கள் எல்லோரும் யாருக்காவது எதையாவது சொல்லிக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். எவ்வளவு வாங்குகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "இதுக்கெல்லாம் என்னங்க காசு? தெரிஞ்சதைச் சொன்னேன்."

அந்தப் பதிலில் பெருந்தன்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே அக்கா வாடகை கட்ட முடியாமல் கடன் வாங்குகிறார். இலவசமாகக் கற்றுக்கொண்டு போனவர் பட்டணத்தில் கடை போட்டுவிடுகிறார். இந்த நிலை எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம்.

நம் கையறிவை யாரும் கணக்கில் எழுதவில்லை

மலாயாவில் வணிக நோக்கோடு ரப்பர் பயிரிடப்பட்டது முதன்முதலில் இந்த மலாக்காவில்தான். 1896இல் டான் சாய் யான் என்ற மலாக்கா சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் தோட்டம் போடப்பட்டது. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். இந்த இருவரின் பெயரும் வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான்.

ஆனால் கப்பலில் வந்து இறங்கிய ஆயிரக்கணக்கான தமிழர்களுக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக் கொடுத்தது யார்? ரிட்லி லயத்துக்கு வரவில்லை. முன்னால் வந்தவர் பின்னால் வந்தவருக்குச் சொல்லிக் கொடுத்தார். தாய் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

மரம் சீவுவது சாதாரண வேலை இல்லை என்பது சீவியவர்களுக்குத் தெரியும். வெட்டு இடது மேலிருந்து வலது கீழாக, ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் இறங்க வேண்டும். பால் குழாய்கள் பட்டைக்குள் சற்றே சாய்ந்து ஓடுவதால், இந்தத் திசையில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். ஆழம் போதாவிட்டால் பால் வராது. உயிர்ப்படலம் வரை கத்தி போய்விட்டால் மரம் காயப்பட்டு, புதுப் பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். அந்த இடைவெளி ஒரு மில்லி மீட்டர் அளவுதான். விடியும் முன் வெட்டினால்தான் மரத்துக்குள் அழுத்தம் அதிகமாக இருந்து மங்கு நிறையும். இதையெல்லாம் நம் பாட்டிமார்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் செய்தார்கள், பிள்ளைகளுக்கும் பழக்கினார்கள்.

சீவியதற்குக் கூலி கிடைத்தது. பழக்கியதற்குக் கிடைக்கவில்லை. பழக்குவதும் ஒரு வேலை என்றே யாரும் நினைக்கவில்லை.

கூலி கொடுத்துக் கற்பிக்கச் சொன்ன இடமும் தோட்டத்தில் ஒன்று இருந்தது: தோட்டப் பள்ளிக்கூடம். அன்றைய ஐக்கிய மலாய் மாநிலங்களில் 1912இலும் பின்னர் 1923இலும் வந்த தொழிலாளர் சட்டங்கள், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்ற நிலையைக் கொண்டுவந்தன. பல தோட்டங்கள் பேருக்கு ஒரு பள்ளியைத் திறந்தன. ஆயாக் கொட்டாயிலோ கோயில் ஓரத்திலோ பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். கங்காணியோ கிராணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளியோ வாத்தியார் ஆனார். காலையில் ஒரு வேலை, அதன் பிறகு பாடம். சம்பளத்தோடு சிறு தொகை கூடுதலாக வந்தது. பயிற்சி கிடையாது, சான்றிதழ் கிடையாது. நிர்வாகம் நினைத்தால் வைக்கும், நினைத்தால் நீக்கும்.

அந்த வாத்தியார்களைக் குறைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் இல்லையென்றால் நம்மில் பல குடும்பங்களுக்குத் தமிழ் எழுத்தே வந்திருக்காது. நான் சுட்டிக்காட்டுவது ஒன்றைத்தான். அறிவு இருந்தது, கற்பித்தலும் நடந்தது. ஆனால் அந்த மனிதர் பெயரில் ஒரு காகிதம் இல்லை. காகிதம் இல்லாததால் பேரம் பேசும் பலமும் இல்லை. இன்று டியூஷன் நிலையத்தில் மணிக்கணக்கில் பாடம் எடுத்துவிட்டு, உறையில் போட்டுக் கொடுப்பதை எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு வரும் நம் பெண்ணின் நிலையும் இதேதான்.

வீடு தோட்டத்தினுடையது, கை உங்களுடையது

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் கைமாறின. சில இடங்களில் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தன. லய வீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வரும். மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பம் ஒரு லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு பட்டணத்து மலிவு வீட்டுக்குப் போனது. மரம், மாட்டுக் கொட்டகை, காய்கறித் தோட்டம் எதையும் எடுத்துப் போக முடியவில்லை.

நிர்வாகம் பறிக்க முடியாத ஒன்று இருந்தது என்றால் அது கையில் இருந்த தொழில் மட்டும்தான். ஆனால் பட்டணத்தில் அந்தத் தொழிலைக் காட்டி வேலை கேட்டால் "சிஜில் இருக்கிறதா?" என்கிறார்கள். இருபது வருடம் தைத்தவரும் "அனுபவமற்றவர்" என்ற வரிசையில் நிற்கிறார். ஆகவேதான் இதை உரிமைப் பிரச்சினை என்றேன். நிலத்துக்குப் பட்டா இல்லாமல் ஏமாந்தோம். கைத்தொழிலுக்கும் பத்திரம் இல்லாமல் ஏமாறக் கூடாது.

காசு கேட்பது பாவமா?

"கல்வியை விற்கலாமா?" என்று சிலர் கேட்பார்கள். தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் வாத்தியாருக்குப் பெற்றோர்கள் நெல்லாகவும் பணமாகவும் கொடுத்தார்கள். விசேஷ நாட்களில் தனியாக மரியாதை செய்தார்கள். குருதட்சணை என்ற சொல்லே நம்மிடம் இருக்கிறது. வித்தைக்கு விலை வைப்பது நம் பண்பாட்டுக்குப் புதிதல்ல.

இலவசமாகச் சொல்லிக் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அனாதைப் பிள்ளைக்கும் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் சும்மா சொல்லிக் கொடுங்கள். அது நீங்களாக முடிவு செய்து கொடுக்கும் தானம். கேட்க வெட்கப்பட்டு இழப்பது தானம் ஆகாது.

எவ்வளவு கேட்பது?

வாருங்கள், ஒரு கணக்குப் போடுவோம். மாதம் 1,700 வெள்ளி என்ற குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்து, அவ்வாண்டு ஆகஸ்டில் சிறு முதலாளிகளுக்கும் விரிவடைந்தது. அந்த ஆணைப்படி ஒரு மணி நேரத்துக்கு 8.72 வெள்ளி. எந்தத் தொழிலும் தெரியாமல் இன்று வேலைக்குச் சேருபவருக்கும் சட்டம் சொல்லும் அடிமட்டக் கூலி இது.

நீங்கள் ரவிக்கை தைக்க ஐந்து பெண்களுக்குக் கற்றுக் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பு இரண்டு மணி நேரம். துணி வெட்டி வைக்க, பிறகு சுத்தம் செய்ய ஒரு மணி. போய்வர ஒரு மணி. ஆக நான்கு மணி நேரம்; 34.88 வெள்ளி. பெட்ரோலுக்கு ஆறு வெள்ளி, நூல், ஊசி, காகிதத்துக்கு ஐந்து வெள்ளி என்று சேர்த்தால் 45.88. ஐந்து பேருக்குப் பிரித்தால் தலைக்கு ஒன்பது வெள்ளிக்குச் சற்று மேல். அதற்குக் கீழே வாங்கினால் நீங்கள் கையிலிருந்து காசு போட்டுச் சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்று பொருள். இதில் உங்கள் இருபது வருட அனுபவத்துக்கு இன்னும் ஒரு காசும் சேரவில்லை. தையல் இயந்திரத் தேய்மானமும் சேரவில்லை. அவற்றையும் சேர்த்து நியாயமான ஒரு தொகையைச் சொல்லுங்கள். தயங்காமல் சொல்லுங்கள்.

வகுப்புக்கு இவ்வளவு என்று பிரித்து வாங்குவதைவிட, பத்து வகுப்புக்கு இவ்வளவு என்று சொல்லிப் பாதியை முன்பணமாக வாங்குவது நல்லது. மழை பெய்தால் வராமல் இருப்பார்கள், தீபாவளி வந்தால் நின்றுவிடுவார்கள். முன்பணம் கொடுத்தவர்கள் வருவார்கள்.

இன்னொன்று. செய்யத் தெரிவது வேறு, சொல்லிக் கொடுக்கத் தெரிவது வேறு. "இப்படித்தான், என்னைப் பார்த்துச் செய்" என்பது வகுப்பு ஆகாது. உங்கள் வேலையைப் பத்துப் படியாகப் பிரித்து ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு படியிலும் புதியவர் எங்கே தவறுவார் என்று எழுதுங்கள். முதல் வகுப்பில் எதை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார், கடைசி வகுப்பில் எதைத் தனியாகச் செய்வார் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். காசு கொடுப்பவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.

எழுத்தில் வையுங்கள்

இனி என் தொழில் சார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். வாய்ப் பேச்சும் ஒப்பந்தம்தான், 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் அதை மறுக்கவில்லை. ஆனால் தகராறு வரும்போது வாய்ப் பேச்சை நிரூபிப்பது கடினம். ஒரு பக்கக் கடிதம் போதும். யார் யாருக்கு எதைக் கற்றுக் கொடுக்கிறார், எத்தனை வகுப்பு, எங்கே, எந்த நேரம், மொத்தத் தொகை எவ்வளவு, எப்போது கொடுக்க வேண்டும், மாணவர் வராவிட்டால் என்ன, ஆசிரியர் வர முடியாவிட்டால் என்ன. இத்தனையும் மலாயிலோ தமிழிலோ எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கடிதம் எழுதக் கூச்சமாக இருந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பி "சரி" என்று பதில் வாங்குங்கள். மின்னணுப் பதிவுகளையும் நீதிமன்றம் சாட்சியமாக ஏற்கச் சட்டத்தில் இடம் உண்டு. அழித்துவிடாதீர்கள்.

பணம் வராவிட்டால்? ஒப்பந்தப் பணத்துக்கு வழக்குப் போட 1953ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் ஆறு ஆண்டுகள் தருகிறது. சிறு தொகையாக இருந்தால் மஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்காகத் தொடுக்கலாம். இதற்கு வழக்கறிஞர் வேண்டியதில்லை. நீங்களே படிவத்தை நிரப்பி நீங்களே பேச வேண்டும். எவ்வளவு தொகை வரை இப்படிக் கேட்கலாம் என்பதை நீதிமன்ற அலுவலக முகப்பில் கேட்டால் சொல்வார்கள். அங்கே போகப் பயப்படாதீர்கள். அது உங்கள் வரிப்பணத்தில் நடக்கும் அலுவலகம்.

அடுத்தவர் நிலையத்தில் கற்பிப்பவர்களுக்கு

நம் படித்த பெண்கள் பலர் சொந்தமாக வகுப்பு நடத்தவில்லை. டியூஷன் நிலையத்திலோ பாலர் பள்ளியிலோ நடனப் பள்ளியிலோ போய்க் கற்பிக்கிறார்கள். முதலாளி "நீ வேலைக்காரி இல்லை, ஃப்ரீலான்ஸ்" என்பார். அதனால் இபிஎஃப் இல்லை, சொக்சோ இல்லை, விடுமுறை இல்லை என்பார்.

பெயர் வைப்பதால் மட்டும் ஒருவர் ஃப்ரீலான்ஸ் ஆகிவிட மாட்டார். 2023 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் வேலைச் சட்டத் திருத்தம் 101சி என்ற பிரிவைச் சேர்த்திருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது, அச்சட்டத்தின் கீழ் குற்ற நடவடிக்கை வந்தால், சில அடையாளங்களை வைத்து ஒருவரைத் தொழிலாளி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. நீங்கள் எப்படி வேலை செய்வது என்று அவர் கட்டளையிடுகிறாரா? நேரத்தை அவர் முடிவு செய்கிறாரா? பொருட்களை அவர் தருகிறாரா? உங்கள் பாடம் அவருடைய வியாபாரத்தின் முக்கிய அங்கமா? அவருக்காக மட்டும் வேலை செய்கிறீர்களா? உங்கள் வருமானத்தில் பெரும்பகுதி மாதாமாதம் அவரிடமிருந்து வருகிறதா? இப்படிப்பட்ட அடையாளம் இருந்தால், நீங்கள் தொழிலாளி இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு.

சம்பளம் பாக்கி என்றால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். அங்கும் வழக்கறிஞர் தேவையில்லை. வருகை நேரத்தைத் தினமும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வகுப்பு அட்டவணையைப் படம் எடுத்து வையுங்கள். பணம் ரொக்கமாக வந்தால் தேதியோடு எழுதுங்கள். வழக்கில் நல்லவர் தோற்பதற்குக் காரணம் பல நேரங்களில் பொய் இல்லை, நோட்டு இல்லாமைதான்.

உண்மையிலேயே சொந்தமாகக் கற்பிப்பவர்கள் முதுமைக்கு வழி தேட வேண்டும். இபிஎஃப்பில் ஐ-சாரான் என்ற திட்டம் இருக்கிறது. சுயதொழில் செய்பவர் தானாகப் பணம் போட்டால் அரசாங்கமும் ஒரு பங்கைச் சேர்க்கிறது. 2025 முதல் நீங்கள் போடுவதில் 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை. மாதம் ஐம்பது வெள்ளி போட்டாலும் அதற்குரிய பங்கு வரும். தோட்டத்து வாத்தியாருக்குக் கிடைக்காத வாய்ப்பு இது.

பதிவும் அனுமதியும்

ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போய்ப் பாடம் சொல்லிக் கொடுப்பது ஒன்று. பெயர்ப்பலகை வைத்து நிலையம் நடத்துவது வேறு. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, ஒரு நிறுவனம் அல்லது அமைப்பின் பணியாக வழக்கமாகப் பாடம் நடக்கும் இடம் கல்வி நிலையம் என்ற வரையறைக்குள் வரும். அதைக் கல்வி அமைச்சில் பதிவு செய்ய வேண்டும். டியூஷன் நிலையம் திறக்க நினைப்பவர் முதலில் மாநிலக் கல்வி இலாகாவில் விசாரியுங்கள். கட்டடத்துக்கு ஊராட்சி மன்றமும் தீயணைப்பு இலாகாவும் ஒப்புதல் தர வேண்டியிருக்கும். மலாக்காவில் உங்கள் இடத்தைப் பொறுத்து மாநகராட்சி, அலோர் காஜா, ஜாசின், ஹங் துவா ஜெயா ஆகிய நான்கில் ஒன்று உங்கள் மன்றம். வாடகைக்கு இடம் பிடித்த பிறகு விசாரிக்காதீர்கள். முன்பணம் கொடுக்கும் முன் விசாரியுங்கள்.

தொழிலாகச் செய்பவர்கள் எஸ்.எஸ்.எம்.மில் பதிவு செய்யுங்கள். தொடங்கிய 30 நாட்களுக்குள் செய்ய வேண்டும். உங்கள் சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வியாபாரப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. அந்தப் பத்திரம் இருந்தால் வங்கியில் கணக்குத் திறக்கலாம், தெக்குனில் இந்தியர்களுக்கான ஸ்புமி கடனுக்கு மனுச் செய்யலாம், பள்ளிக்கும் கம்பெனிக்கும் ரசீது கொடுக்கலாம். வருமானக் கணக்கையும் ரசீதுகளையும் ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது வருமான வரிச் சட்டம். வரி கட்டும் அளவுக்கு வருமானம் வராவிட்டாலும் கணக்கு எழுதுங்கள். நாளை கடன் கேட்கும்போது அந்த நோட்டுதான் உங்களுக்காகப் பேசும்.

லயத்தில் இன்னமும் குடியிருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த வீடு நிர்வாகத்தினுடையது. அதில் காசு வாங்கி வகுப்பு நடத்துவதை வெளியேற்ற ஒரு காரணமாகக் காட்ட இடம் கொடுக்காதீர்கள். நிர்வாகியிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் கோயில் மண்டபம், பொது மண்டபம் கேட்டுப் பாருங்கள்.

பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர்கள் கதவைத் திறந்து வைத்துக் கற்பியுங்கள். பெற்றோர் எந்த நேரமும் வந்து பார்க்கலாம் என்று சொல்லுங்கள். 2017இல் வந்த சிறார் பாலியல் குற்றச் சட்டம், நம்பிக்கைக்குரிய நிலையில் இருக்கும் ஆசிரியர் குற்றம் செய்தால் கூடுதல் தண்டனை விதிக்கிறது. பிள்ளையையும் உங்கள் நல்ல பெயரையும் காப்பது திறந்த கதவுதான்.

பரீட்சை எழுதாமல் சான்றிதழ்

இப்போது மிக முக்கியமான விஷயம். மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம்.மைப் பெறக் கல்லூரிக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 2006ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் திறன் மேம்பாட்டுத் துறை மூன்று வழிகளை வைத்திருக்கிறது. ஒன்று, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிலையத்தில் படிப்பது. இரண்டாவது, வேலையிடத்திலேயே பயிற்சி பெறுவது. மூன்றாவது, முந்தைய அனுபவத்தை அங்கீகரிக்கும் பி.பி.தி. என்ற வழி.

பி.பி.தி. நமக்காகவே செய்தது போன்ற வழி. உங்கள் தொழிலுக்கு அரசு வகுத்துள்ள தரப்பட்டியலை எடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு வேலையும் உங்களுக்குச் செய்யத் தெரியும் என்பதற்கு ஆதாரம் சேர்க்க வேண்டும். வேலை செய்யும்போது எடுத்த படங்கள், முதலாளி அல்லது வாடிக்கையாளர் கடிதம், செய்த பொருட்களின் மாதிரி, ரசீதுகள் ஆகியவற்றை ஒரு கோப்பாகத் தொகுத்துக் கொடுத்தால் மதிப்பீட்டாளர் சோதிப்பார், பிறகு வெளியிலிருந்து ஒருவர் சரிபார்ப்பார். ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டவரும் தன் அனுபவத்தை வைத்து இந்த வழியில் போகலாம்.

இது மலேசியாவில் மட்டும் உள்ள ஏற்பாடல்ல. பிரான்ஸ் 2002இல் சட்டம் போட்டு, வேலை அனுபவத்தை வைத்துப் பட்டயம் பெறும் உரிமையைத் தன் மக்களுக்கு விரிவாகக் கொடுத்தது. இந்தியாவில் 2015இல் தொடங்கிய பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்திலும் முன்னனுபவத்தைச் சோதித்துச் சான்றளிக்கும் பிரிவு இருக்கிறது. பள்ளிக்கு வெளியே கற்றதும் கல்விதான் என்பதை உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது.

சான்றிதழ் இருந்தால் கற்பிக்கும் வாசலும் அகலமாகும். அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் பயிற்றுநராகச் சேரத் திறன் சான்றிதழையும் பயிற்றுநர் தகுதியையும் கேட்பார்கள். ஷா ஆலமில் உள்ள சியாஸ்ட் நிலையம் பயிற்றுநர்களைத் தயார் செய்கிறது. ஜாசினிலும் புக்கிட் பெருவாங்கிலும் சமூகக் கல்லூரிகள் குறுகியகால வகுப்புகள் நடத்துகின்றன. நம் சமையலுக்கும் தையலுக்கும் மாலை கட்டுவதற்கும் அங்கே இடம் கேட்கலாம். மலாக்கா நகரம் 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. சுற்றுப்பயணிகள் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் கோயிலைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அந்தத் தெருவின் பெயரே பொற்கொல்லர் தெரு என்று பொருள்படும். கோலம் போடவும் மாலை கட்டவும் ஒரு மணி நேரம் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ள அவர்களில் சிலராவது வருவார்கள். கேட்டுப் பார்க்க நமக்கு ஏன் தயக்கம்?

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். "இவ்வளவு பணம் கொடு, வீட்டிலிருந்தே சான்றிதழ் வாங்கித் தருகிறேன்" என்று வரும் தரகர்களை நம்பாதீர்கள். பி.பி.தி.க்கும் கட்டணம் உண்டு, ஆனால் சோதனை இல்லாத சான்றிதழ் என்று ஒன்று கிடையாது. திறன் மேம்பாட்டுத் துறையிலேயே நேரடியாகக் கேளுங்கள்.

கேட்க வேண்டியதும் செய்ய வேண்டியதும்

அரசாங்கத்திடம் நாம் கேட்க வேண்டியவை உண்டு. பி.பி.தி. விளக்கங்களைத் தமிழிலும் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். மதிப்பீட்டாளர்கள் மாதம் ஒரு முறையாவது தோட்டப்புறத்துக்கு வர வேண்டும் என்று கேட்க வேண்டும். தோட்டம் மூடப்படும்போது கொடுக்கும் பணத்தோடு, அந்தத் தொழிலாளியின் அனுபவத்தை விவரமாக எழுதிய கடிதத்தையும் நிர்வாகம் கொடுக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். முப்பது வருடம் உழைத்தவருக்கு "இன்னார் இங்கே வேலை செய்தார்" என்ற ஒற்றை வரிக் கடிதம் போதாது. என்னென்ன வேலை தெரியும், எத்தனை பேரைப் பழக்கினார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இந்தக் கோரிக்கைகளை மகஜராகக் கொண்டுபோவது எங்களைப் போன்றவர்கள் வேலை. அதைச் செய்வோம்.

ஆனால் மகஜருக்குப் பதில் வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் மாதாமாதம் கட்டிய சிறு தொகையிலிருந்துதான் தோட்டங்கள் வாங்கப்பட்டன. பத்து வெள்ளியாகக் கட்டி எப்படித் தோட்டம் வாங்குவது என்று அன்றும் கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். சிறு தொகையும் ஒழுங்கான கணக்கும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை நம் மக்கள் ஏற்கெனவே காட்டியிருக்கிறார்கள்.

ஆகவே இந்த வாரத்தில் மூன்று காரியங்கள் செய்யுங்கள். முதலாவது, ஒரு நோட்டு வாங்கி, உங்களுக்குத் தெரிந்த தொழிலையும் அதை எத்தனை வருடமாகச் செய்கிறீர்கள், யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். எழுத வராதவர் பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது, பழைய முதலாளி, கிராணி, வாடிக்கையாளர் யாராவது உயிரோடு இருக்கும்போதே அவரிடம் கையெழுத்திட்ட ஒரு கடிதம் வாங்குங்கள். ஆட்கள் மறைந்த பிறகு சாட்சி கிடைக்காது. மூன்றாவது, அடுத்து யாராவது "எனக்குச் சொல்லிக் கொடுங்களேன்" என்று கேட்டால், "சரிம்மா, சொல்லித் தருகிறேன். பத்து வகுப்பு, இவ்வளவு ஆகும்" என்று சொல்லிப் பாருங்கள். முதல் முறை நாக்கு கூசும். இரண்டாம் முறை பழகிவிடும்.

கடிதம் எழுதுவதிலோ, சம்பளப் பாக்கியிலோ, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸிலோ சந்தேகம் இருந்தால் கையில் இருக்கும் காகிதங்களை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள். சட்ட உதவி மையத்துக்கோ, எங்களைப் போன்றவர்களிடமோ, நீங்கள் நம்பும் யாரிடமாவது வாருங்கள். கிழிந்த காகிதமாக இருந்தாலும் பரவாயில்லை, எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.